கம்பளி ஒட்டாத முள்

மறுபடியும் ஒன்று குறைந்தது.

மக்லோவியா பட்டியின் கல்மதில் மேல் உட்கார்ந்து, குறுகலான வாசலில் ஆடுகள் நுழைய நுழைய எண்ணினாள். நம்பிக்கை வராமல் உள்ளே இறங்கி ஒவ்வொன்றின் முதுகிலும் கை வைத்து எண்ணினாள். இருபத்தொன்று. காலையில் இதே மதிலில் இதே ஆள் எண்ணியபோது இருபத்திரண்டு. மழை ஓய்ந்த ஏப்ரலிலிருந்து இது நாலாவது.

"எவன்டா அவன்?" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். நாய் தன்னைத்தான் கேட்கிறாளோ என்று வாலைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியது.

கத்தாமல் என்ன செய்வாள்? அந்த மேட்டில் ஒரு சட்டம் உண்டு. இருபது ஆட்டுக்குக் குறைந்த வீட்டுக்குத் தனிப் பட்டி கிடையாது, மேய்ச்சலில் பங்கும் கிடையாது. மிச்சம் மீதியை ஓட்டிக்கொண்டுபோய் உறவுக்காரர் பட்டியில் சேர்த்துவிட்டு, அவர்கள் சொல்கிற இடத்தில் மேய்க்க வேண்டியதுதான். மக்லோவியாவுக்கு உறவு என்று இருந்தது நாத்தனார் பெலிசித்தா ஒருத்தி. அந்த மகராசியிடம் ஒரு வாய் உப்புக் கடன் வாங்கினாலே ஊர் முழுக்க அதைப் பேசித் தீர்ப்பாள். அவள் பட்டியில் கூலிக்கு நிற்பதைவிட மலையிலிருந்து உருண்டு விழலாம் என்று மக்லோவியா பலமுறை சொல்லியிருக்கிறாள், அதுவும் பெலிசித்தா காதில் விழுகிற மாதிரி.

அவளுக்குச் சந்தேகப்படத் தெரியும். சுரங்க வேலைக்குப் போன புருஷன் ஆறு வருஷம் மாசாமாசம் கடிதம் போட்டான். அத்தனை வருஷமும் அங்கே அவனுக்கு இன்னொரு பெண்டாட்டி இருந்திருக்கிறாள். அது தெரிந்த நாளிலிருந்து, பால் வெள்ளையாக இருந்தால்கூட ஏன் இவ்வளவு வெள்ளை என்று கேட்கிற சுபாவம் வந்துவிட்டது. ஆகவே நாலாவது ஆட்டுக்கும் அவள் ஒழுங்காகவே விசாரித்தாள். மலைச்சிங்கம் அடித்திருந்தால் ரத்தம் கிடக்கும். நரி என்றால் குட்டியைத்தான் தூக்கும், பெரிய ஆட்டைத் தொடாது. கழுகு என்றால் எலும்பாவது மிஞ்சும். எதுவும் இல்லை.

அடுத்தது தித்தங்கா என்ற முள்செடி. ஆடு காணாமல் போனால் அதையும் சந்தேகப்படுவதுதான் அந்த ஊர் வழக்கம். ஆள் உயரத்துக்கு இருமடங்கு, தலை முழுக்க வாள்வாளாக இலை, ஒவ்வொரு இலை ஓரத்திலும் பூனை நகம் மாதிரி முள். அந்த முள் உள்பக்கம் வளைந்தது. உள்ளே போகிற கைக்கு வழி விடும். வெளியே வருகிற கையைப் பிடித்துக்கொள்ளும். கீழ்க்காட்டிலிருந்து லாரியில் வருகிற அன்னாசிக்கு இது பெரியப்பா முறை என்று நகரத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார், யாரும் நம்பவில்லை. பழமும் தராது, விறகும் ஆகாது. கோடையில் மலை முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது அதன் காய்ந்த இலைப் பாவாடைக்கு அடியில் மட்டும் நாலு பச்சைப்புல் நிற்கும். ஆடு தலையை விடும். கம்பளி மாட்டும். இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போகும். இரண்டு நாளில் செத்துத் தொங்கும்.

அதனால்தான் ஆடு மாட்டின தித்தங்காவைக் கொளுத்திவிடுவார்கள். எழுதி வைக்காத சட்டம்தான், ஆனால் எழுதின சட்டத்தைவிட நன்றாக நடக்கும். 'எரிக்காதீர்' என்று அரசாங்கம் நட்டுவிட்டுப் போன பலகை பெலிசித்தாவின் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கிறது. இப்படி எரித்து எரித்து அந்தச் சரிவில் இப்போது மிஞ்சி நின்றவை மூன்றே மூன்று. மூன்றும் பக்கத்து மேய்ச்சல்காரர் எவாரிஸ்தோவின் எல்லையில், மேல்வரப்பில்.

மக்லோவியா மூன்றாம் நாள் ஏறிப்போய் மூன்றையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். குனிந்து, பாவாடைக்கு அடியில் கழியை விட்டுக் கிளறினாள். பிணம் இல்லை. எலும்பு இல்லை. முள்ளில் ஒரு இழை கம்பளி இல்லை. கழுவித் துடைத்த மாதிரி அவ்வளவு சுத்தம்.

அப்படியென்றால் மனுஷன். அவளுக்கு அதில் ஒரு திருப்தியே வந்தது. மனுஷன் என்றால் அவளுக்குத் தெரிந்த விஷயம்.

முதலில் பெலிசித்தாவைத்தான் சந்தேகப்பட்டாள். அது பிடித்தமான சந்தேகம், ஒரு வாரம் விடாமல் அனுபவித்தாள். ஆனால் பெலிசித்தா வாதத்தால் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறவள், மலை ஏறி ஆடு பிடிக்க மாட்டாள். எவாரிஸ்தோவை மட்டும் அவள் நினைக்கவே இல்லை. ஏனென்றால் அவர் அவளுடைய கொம்பாத்ரே. அவள் மகளைத் திருமுழுக்குத் தொட்டியில் ஏந்தி நின்றவர், மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் கொம்பாத்ரே, அவள் கொம்மாத்ரே; ஒருவரையொருவர் வாங்க போங்க என்றுதான் பேசுவார்கள், சாபம்கூட மரியாதையோடுதான் விடுவார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம் ஓடைக்கரையில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார்.

"என்ன கொம்மாத்ரே, மூஞ்சி வாடியிருக்கு?"

"ஆடு தின்ன மூஞ்சி இல்ல கொம்பாத்ரே, ஆடு குடுத்த மூஞ்சி. நாலு போச்சு."

"அடடா," என்றார் அவர். ஓடையைப் பார்த்தார். பிறகு, வழியில் கண்டால் செய்கிற மாதிரி, கொக்கா இலைப் பையை இடுப்பிலிருந்து அவிழ்த்து அவளிடம் நீட்டினார். அவள் தன் பையை அவரிடம் நீட்டினாள். ஒருவர் பையில் ஒருவர் கைவிட்டு இலை எடுத்து மெல்லுவார்கள்; அப்புறம்தான் பேச்சு. மக்லோவியா விரலை விட்டுத் துழாவினாள். இலையோடு இலையாக வேறெதுவோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள்.

ஊதா நூல். முனையில் கொஞ்சம் அழுக்குக் கம்பளி.

ஜூலையில் சந்தியாகு திருநாளன்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் ஆடுகளின் காதை வெட்டி அடையாளம் போட்டு, தங்கள் நிறத்தில் நூல் கோர்ப்பார்கள். பெலிசித்தாவுக்கு மஞ்சள். எவாரிஸ்தோவுக்குப் பச்சை. அந்த மலையில் ஊதா ஒருத்திக்குத்தான்.

அவர் முகம் சாம்பலாகிப் போனதை அவள் பார்த்தாள். ஆடு போனதைவிட இது அவளுக்குப் பெரிய அடி. "இது எப்படி உங்க பையில வந்துச்சு கொம்பாத்ரே?"

"கீழ கெடந்துச்சு."

"எங்க?"

"மறந்துபோச்சு."

"கீழ கெடந்த நூலைப் பார்த்ததும் 'கொம்மாத்ரே, உங்க நூல் கெடக்குது'ன்னு ஓடி வரணும். நீங்க இலைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

அவர் பையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். "நீங்க நெனைக்கிறபடியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தார். ஒரு திருடன் இதைவிட அழகாக எப்படி ஒப்புக்கொள்வான், நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சபை கூடியது. பெண்கள் தரையில், ஆண்கள் மதிலோரம், தலைவர் அபுந்தியோ மட்டும் நாற்காலியில். மக்லோவியா எழுந்து நூலைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னாள். தலைவர் எவாரிஸ்தோவைப் பார்த்தார்.

"எடுத்தியாப்பா?"

"அவங்க ஆடு நாலும் போனதுக்கு நான்தான் பொறுப்பு."

"வித்தியா, தின்னியா?"

எவாரிஸ்தோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொறுப்புன்னு சொல்லிட்டேன்ல," என்றார்.

"சொந்தக் கொம்மாத்ரே ஆட்டையா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி காறித் துப்பினாள். அந்தச் சமயத்தில் தலைவர் மக்லோவியா பக்கம் திரும்பி, "உன் ஆட்டுக் காதெல்லாம் சரியாப் பாத்துட்டியா? உன்னுது மொத்தம் எத்தனை?" என்று கேட்டார். கேட்டது சாதாரணக் கேள்விதான். ஆனால் மக்லோவியாவுக்கு உள்ளங்கை வியர்த்தது.

ஏன் வியர்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் கடைசியில் ஒரு காலை அவள் எண்ணியபோது இரண்டு கூடியிருந்தது. காது வெட்டாத, தாய்ப்பால் மறந்த இரண்டு பெட்டைக்குட்டிகள், பட்டிக்குள் மற்றதோடு ஒட்டிப் படுத்திருந்தன. பெலிசித்தாவின் மந்தையிலிருந்து தப்பி வந்தவை என்று நினைத்தாள். யாராவது தேடி வருகிறார்களா என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். வரவில்லை. சந்தியாகு அன்று, மற்ற ஆடுகளுக்கு நடுவே, அவற்றின் காதையும் வெட்டி ஊதா நூல் கோர்த்துவிட்டாள். நாத்தனார் என்னிடம் தின்றதற்கு இது ஈடாகாது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள்.

"இருபத்தொண்ணு," என்றாள் சபையில். எவாரிஸ்தோ நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி தொப்பிக்குத் திரும்பினார்.

தீர்ப்புக்கு நேரம் ஆகவில்லை. எவாரிஸ்தோ நாலு ஆட்டைக் கொடுக்க வேண்டும். அவருடைய மேல்வரப்பு மேய்ச்சல் மக்லோவியாவுக்கு. திருடனோடு யாரும் கொக்கா மாற்றிக்கொள்ளக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் பெரிய தண்டனை. வழியில் எதிரே வந்தால் எல்லோரும் பையைக் கையால் மூடிக்கொண்டு போவார்கள்.

மக்லோவியா இருபத்தைந்து ஆட்டோடு மேல்வரப்புக்குப் போனாள். ஜெயித்த சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஏதோ ஒன்று அரிக்க ஆரம்பித்தது. அந்த மனுஷன் வீட்டில் கறி காய்ந்து தொங்கி யாரும் பார்த்ததில்லை. தோல் விற்றதாகவும் சேதி இல்லை. நாலு ஆட்டைத் திருடி ஒருவன் ஒன்றும் செய்யாமல் இருப்பானா? அவள் சந்தேகம் தீனி கிடைத்தாலும் தூங்காது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, மேலே ஓர் ஆடு அலறுவது கேட்டது. ஓடினாள். மூன்றில் பெரிய தித்தங்காவின் அடியில், தோள்வரை உள்ளே மாட்டிக்கொண்டு, எவாரிஸ்தோ கொடுத்த ஆடுகளில் ஒன்று பின்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது.

"அட சனியனே, அசையாதே! அசையாதேங்கிறேன்!" கத்தியை எடுத்துக் கம்பளியைக் கொத்துக்கொத்தாக அறுத்தாள். கை முழுக்கக் கீறல், முழங்கை வரை ரத்தம். ஆடு பாதி மொட்டையாக வெளியே வந்து, நன்றியே இல்லாமல் ஓடிப்போனது. மக்லோவியா அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அப்புறம்தான் செடியைப் பார்த்தாள்.

முள்ளெல்லாம் கம்பளி. ஒரே ஒரு ஆடு, அரை மணி நேரம், எவ்வளவு கம்பளி! பஞ்சு வெடித்த மாதிரி தொங்கியது. அன்றைக்கு அவள் கழி விட்டுக் கிளறியபோது ஒரு இழை இல்லையே. ஆட்டு மேய்ச்சலின் நடுவில் நிற்கிற முள்செடியில் ஒரு இழைகூட இல்லை என்றால், அது எப்படி? காற்றா வந்து பொறுக்கியது? யாரோ உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளாக, விரலைக் கிழித்துக்கொண்டு பொறுக்கியிருக்கிறார்கள். பொறுக்கி எடுத்ததில் ஒரு நூல் கொக்காப் பையில் தங்கிவிட்டது.

"பாவி மனுஷா," என்றாள் வாய்விட்டு. பாவாடை மடிப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

"வேணாம் கொம்மாத்ரே."

எவாரிஸ்தோ பாறைக்குப் பின்னாலிருந்து வந்தார். அங்கே வரக்கூடாது என்று சபை சொன்ன இடம். வந்து, அவளுக்கும் செடிக்கும் நடுவில் நின்றார்.

"அப்ப நாலையும் இதுதான் தின்னுச்சா?"

"ஆமா. நான் வந்து பாக்குறப்ப செத்துத் தொங்கும், இழுத்துப் போட்டுப் பொதைச்சேன்."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கொளுத்தியிருப்பேன்!"

"அதான் சொல்லல." அவர் மேலே கை காட்டினார். இலைகளுக்கு நடுவிலிருந்து, தொடை தடிமனில், ஒரு தண்டு ஆள் உயரத்துக்குக் கிளம்பியிருந்தது. "ஏப்ரல்லயே குருத்து மாறிப்போச்சு. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். இது இன்னும் நாலாள் ஒசரம் போகும். போயி ஆயிரக்கணக்குல பூக்கும். என் தாத்தன் பையனா இருந்தப்பவே இது நின்னுச்சாம், இத்தனை வருஷத்துல ஒரு பூ பூத்ததில்ல. ஒரே தடவைதான். விதை விழுந்ததும் தானே செத்துடும்."

"சாகட்டும்! எனக்கென்ன?"

"முப்பது வருஷம் முன்னாடி ஒண்ணு இப்படித்தான் தண்டு விட்டு நின்னுச்சு. சான் ஹுவான் திருநாளைக்கு நானும் உங்க புருஷனும் குடிச்சிட்டுப் போயி வேடிக்கைக்குக் கொளுத்தினோம். நல்லா எரிஞ்சுச்சு. அதுக்குள்ள கூடு கட்டியிருந்த குருவிங்க கத்தினது இன்னும் கேக்குது எனக்கு. அதுக்கப்புறம் இந்தச் சரிவுல எதுவும் பூக்கல. கீழ பாருங்க, எங்கயாவது ஒரு கன்னு நிக்குதா?"

அவள் பார்த்தாள். உண்மைதான், ஒரு கன்றுகூட இல்லை. இத்தனை வருஷம் அந்தச் சரிவில் மேய்த்தும் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை. ஆனால் கோபம் இறங்கவில்லை.

"உங்க பாவத்தைக் கழுவ என் ஆடுதான் கெடைச்சுதா? நான் பெலிசித்தா பட்டிக்குக் கூலிக்குப் போனா பரவாயில்ல, செடி பூக்கணும். அப்படித்தானே?"

இப்போது அவருக்கும் குரல் ஏறியது. "சும்மா எடுத்துக்கிட்டேனா நான்? ஆடு கொறைஞ்சப்ப எண்ணினீங்களே கொம்மாத்ரே, கூடினப்ப எண்ணலையா? ஜூன் மாசம் உங்க பட்டியில ரெண்டு பெட்டைக்குட்டி வந்துச்சே, அது வானத்துலேர்ந்தா குதிச்சுது?"

மக்லோவியாவின் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

"நீங்களா?"

"அப்ப ரெண்டுதான் போயிருந்துச்சு. ரெண்டைக் கொண்டுவந்து விட்டேன். மிச்சத்துக்கு அடுத்த ஈத்துல குடுக்கலாம்னு இருந்தேன்."

"அது பெலிசித்தாளுதுன்னு நெனைச்சுத்தான் நான்..." என்று ஆரம்பித்து, என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே உறைத்து நின்றது. அடுத்தவள் ஆடு என்று நினைத்துத்தான் காதை வெட்டினாள். வெட்டிய அதே கையால் சபையில் நூலைத் தூக்கிக் காட்டினாள். வெட்கம் காது வரை ஏறியது. "சபையில என்னைப் பாத்தீங்களே, அப்ப சொல்லியிருக்கலாமே? 'என் குட்டி காதுல உங்க வெட்டு இருக்கு'ன்னு ஒரு வார்த்தை."

"சொன்னா ஏன் குடுத்தேன்னு கேப்பாங்க. அப்புறம் எல்லாரும் தீப்பெட்டியோட இங்க வருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "தவிர, உங்களுக்கும் அசிங்கம்," என்றார்.

அவள் எழுந்து, அவர் பக்கம் திரும்பாமலே, கம்பளியை முள்ளிலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள். அவரும் மறுபக்கம் போய்ப் பொறுக்கினார். முடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

அந்த மாசக் கடைசி ஞாயிறு மறுபடி சபை. அதுவரை மக்லோவியாவுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் செடி எரியும். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் சாகிறவரை திருடன். இரண்டுக்கும் நடுவில் அவள் சொல்லக்கூடிய உண்மை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னால் தன் பட்டி போகும். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். நாலைத் திருப்பிக் கொடுத்தால் இருபத்தொன்று. இரண்டு குட்டியும் போனால் பத்தொன்பது. எப்படி எண்ணினாலும் பத்தொன்பதுதான்.

சபையில் எழுந்து நின்றாள்.

"என் பட்டியில எவாரிஸ்தோவோட பெட்டைக்குட்டி ரெண்டு இருக்கு. ஜூன்ல வந்துச்சு. அடுத்தவங்க குட்டின்னு தெரிஞ்சேதான் காதை வெட்டி என் நூலைக் கோத்தேன். அவரு திருடன் இல்ல. திருடினது நான்."

எங்கும் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. தலைவர் முன்னால் சாய்ந்தார். "என்னம்மா உளர்றே? உன் ஆடு நாலு போச்சே?"

"அவர் குட்டிக்குப் பதிலா எடுத்தாருன்னு வெச்சுக்கங்க."

"ரெண்டுக்கு நாலா?"

"ரெண்டும் நல்ல பெட்டை," என்றாள். யாரோ சிரித்தார்கள். சுவரோரம் நின்ற எவாரிஸ்தோ, "கொம்மாத்ரே, வேணாம், உக்காருங்க," என்று ஓரடி முன்னால் வந்தார்.

"நீங்க பேசாதீங்க. பேச வேண்டிய அன்னைக்குப் பேசல."

"அப்ப அவன் ஏன் அன்னைக்கு வாயைத் தொறக்கல?" என்று தலைவர் கேட்டார். அவரும் லேசான ஆள் இல்லை. கண்ணைச் சுருக்கி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சபைக்கு நடுவுல நிக்கவெச்சுக் கொம்மாத்ரேயத் திருடின்னு சொல்ல அவருக்கு வாய் வரல," என்றாள் மக்லோவியா. "எனக்கு வந்துச்சு."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. எவாரிஸ்தோவுக்கு ஆடும் மேய்ச்சலும் திரும்பியது. தலைவரே எழுந்து போய் அவரிடம் தன் கொக்காப் பையை நீட்டினார். மக்லோவியா பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பாவாடையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். பெலிசித்தா மட்டும் காலை இழுத்துக்கொண்டு அவளிடம் வந்தாள். "பத்தொம்போது தானே புள்ள? நாளைக்கே ஓட்டிக்கிட்டு வந்துடு. பட்டியில எடம் இருக்கு," என்றாள், அவ்வளவு இனிப்பாக.

நவம்பரில் தித்தங்கா பூத்தது. ஊரே ஏறிப்போய்ப் பார்த்தது. அடிமுதல் நுனிவரை பூவாம், தேன்சிட்டுகள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்தனவாம். மக்லோவியாவுக்கு மேய்ச்சல் எதிர்ப்பக்கத்துச் சரிவில். அங்கிருந்து பார்த்தால் வரப்பின் மேல் வெளிறிய கம்பம் ஒன்று நிற்பது மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் ஆடுகளைப் பட்டிக்குள் விட்டுவிட்டு அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மதில் மேல் பெலிசித்தா உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை எண்ணி முடித்து, மக்லோவியாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"சரியா இருக்கா மதினி?" என்று மக்லோவியா கேட்டாள்.

"இரு, எண்ணி முடிக்கிறேன்," என்றாள் பெலிசித்தா.